மூச்சுக்குழாயில் வைத்த சந்தனம்

மேலப்பாளையம் முகம்மது மைதீன் எஞ்சின் சத்தத்தைப் பல்லால் கேட்பார். கொழும்பில் ஒரு தேயிலைக் கிட்டங்கியில் பன்னிரண்டு வருஷம் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்கு இடது காது போய்விட்டது. வலது காதும் அரைக்காதுதான். அதனால் ஒன்றரை முழத்தில் ஒரு புளியங்கம்பு வைத்திருந்தார். ஓடுகிற எஞ்சின்மேல் அதன் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் கடைவாயில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கம்பை எடுத்ததும், இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்பார். திறந்து பார்த்தால் அது அங்கே இருக்கும்.

என் தாய்மாமா சிவசண்முகம் பிள்ளை வண்ணாரப்பேட்டையில் வக்கீல். 1912-ல், தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஒரு சீமை மோட்டாரை வாங்கினார். அதை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் மைதீன் சாயபுவை அமர்த்தினார். நான் பி.ஏ. முடித்துவிட்டு மாமா வீட்டில் இருந்துகொண்டு அவருடைய இங்கிலீஷ் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தேன். மாமா மகள் சண்முகசுந்தரியை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள்.

வண்டியோடு கம்பெனிக்காரன் ஒரு தடித்த புஸ்தகம் அனுப்பியிருந்தான். மைதீன் சாயபுவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் எஞ்சினில் அந்தந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். நான் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை கேட்டதில்லை. வீட்டில் எல்லாரும் அவரைச் சாயபு என்பார்கள். நான் அண்ணாச்சி என்பேன்.

ஒரு தடவை பாபநாசம் மலையடிவாரத்து ஏற்றத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. மாமா இறங்கி நிழலில் போய் நின்றார். நான் புஸ்தகத்தைப் புரட்டினேன்.

“என்ன சொல்லுது உங்க புஸ்தகம்?” என்றார் அண்ணாச்சி.

“மாக்னெட்டோவப் பாக்கச் சொல்லுது. பொறி சரியா விழல போல.”

“பொறி விழாட்டா இப்படியா முக்கும்? படிச்ச பிள்ளைக்குச் சந்தேகம் எப்பவும் தூரமாத்தான் போவுது.” கம்பை நான்கு சிலிண்டர்மேலும் மாற்றி மாற்றி ஊன்றிக் கடித்தார். மூன்றாவதில் வெகுநேரம் நின்றார். பிறகு மாமாவைப் பார்த்து, “மூணாம் வீட்டுக்காரன் கதவச் சாத்த மாட்டேங்கான், அய்யா,” என்றார்.

“ஏன் வே, விருந்தாளி யாரும் வாராகளோ?”

“வந்தாச்சு. கரிதான் விருந்தாளி.”

மூன்றாவது சிலிண்டரின் வால்வைக் கழற்றினால், தண்டில் கரி பிடித்து அது மேலேயே சிக்கிக்கொண்டு நின்றது. மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டிப் போட்டார், வண்டி ஏறியது. திரும்பி வரும்போது மாமா பின் இருக்கையை விட்டு முன்னால் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அன்று முகம் சுண்டிப்போயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எண்ணெய்க் கசிவு என்றால் அவர் கம்பைத் தொடுவதில்லை. எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயால் துடைத்து உலர விடுவார். பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியை இடித்துப் பொடியாக்கி, மெல்லிய துணியில் முடிந்து, எஞ்சின்மேல் இண்டு இடுக்கு விடாமல் தட்டுவார். எஞ்சின் வெள்ளைவெளேர் என்று நிற்கும். பிறகு ஓடவிட்டு உட்கார்ந்து பார்ப்பார். முதல் கறுப்புக் கோடு எங்கே புறப்படுகிறதோ அங்கே விரலை வைப்பார்.

“சொட்டுற இடத்தப் பாத்து ஏமாறக் கூடாது தம்பி. கிளம்புற இடம் மேல எங்கனயாவது இருக்கும். அது பைய ஓடி, தணிவு பாத்து வந்து சொட்டும்.”

1913-ம் வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில் அண்ணாச்சி வண்டியைக் கழுவித் துடைத்தார். பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தார். கொட்டில் வாசலில் நிறுத்திவிட்டு, மதியத்து லுஹர் தொழுகைக்கு மேலப்பாளையம் போய்விட்டார். பூஜை எங்கள் வீட்டுக் காரியம் என்று அவராகவே ஒதுங்கிக்கொள்வது வழக்கம். எஞ்சினின் மூடியைத் திறந்து சந்தனமும் குங்குமமும் நான்தான் வைத்தேன். தீபாராதனை நேரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் விசேஷம் என்று மாமாவின் மனைவி பாலம்மாள் அத்தை சொன்னாள். கைப்பிடியைச் சுற்றி ஓடவிட்டேன்.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அதன் பக்கத்தில், பெருவிரல் பருமனில், மேல்நோக்கி வளைந்த குட்டைக் குழாய் ஒன்று. அது புகையும் எண்ணெய்த் துளியுமாகத் துப்பியது. கற்பூரத் தட்டோடு நின்ற அத்தையின் புதுச் சேலையில், கொசுவத்தின்மேல் நாலைந்து துளி விழுந்தது.

“சவத்து மூதி, இன்னைக்குன்னு துப்புது பாரு!” என்றாள் அத்தை. “ஏ ஐயம்பெருமாளு, பாத்துக்கிட்டே நிக்கியே, அத அடையேன்.”

சுந்தரி பின்னால் நின்று சிரித்தாள். அவள் பார்க்க ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது. வண்டி துடைக்கிற துணியில் ஒரு சாண் கிழித்துக் குழாய்க்குள் திணித்து, குச்சியால் குத்தி இறக்கினேன். அதன்மேல் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். எஞ்சினில் இருந்த எட்டுப் பொட்டுகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சுண்டலும் பாயசமும் வந்தவர்களும் போனவர்களுமாக அது மறந்துபோயிற்று.

பூஜை விடுமுறை முடிந்து கோர்ட்டுக் கச்சேரி திறந்த முதல் நாள் மாமாவுக்கு அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்கு இருந்தது. சேரன்மாதேவி தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. கல்லிடைக்குறிச்சிக்குள் நுழைந்ததும் எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி நகரவில்லை. அண்ணாச்சி கீழே படுத்துப் பார்த்தார். எண்ணெய் பின்பக்கமாக வழிந்து கிளச்சின் தோலை நனைத்திருந்தது. தோல் ஊறி வழுக்கினால் எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

தெருவில் அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

“ஏ அண்ணாச்சி, எண்ணெ சும்மாத்தான போவுது, ஒரு சட்டி கொண்டாரட்டா?” என்றாள் ஒருத்தி. “நாலு அப்பளமாவது பொரிச்சுக்கிடுதோம்.”

“பொரிச்சு அந்த வக்கீலய்யாவுக்குக் குடு. மூஞ்சி வாடிப்போயி நிக்காக,” என்றாள் இன்னொருத்தி.

மாமா ஒரு மாட்டுவண்டி பிடித்து ஆற்றைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் வழக்கு ஆஜரில்லை என்று தள்ளுபடியாகிவிட்டது. அண்ணாச்சி பெட்ரோல் விட்டுத் தோலைக் கழுவி, சுண்ணப்பொடி தூவி, எப்படியோ வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்தார். இறங்கியதும் மாமா கொட்டிலிலேயே நின்று சொன்னார்.

“ரயில்ல போயிருந்தா நேரத்தோட போயிருப்பேன். நல்லா ஓடுன வண்டி தானா ஒழுகாது. இந்த வேலையச் செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும் சாயபு. அது எவனா இருந்தாலும் சரி, எங்க வாசப்படிய மிதிக்கக் கூடாது.”

“பாத்துச் சொல்லுதேன் அய்யா,” என்றார் அண்ணாச்சி.

முதல் நாள் அடிப்பெட்டி மூட்டில் எண்ணெய் கசியாமல் வைக்கிற பாக்கிங்கை மாற்றினார். எஞ்சினைத் துடைத்து வெள்ளைப் பொடி தட்டினார். துடைக்கும்போதும் தட்டும்போதும் என்னுடைய எட்டுச் சந்தனப் பொட்டுகளையும் சுற்றிக்கொண்டுதான் அவர் கை போயிற்று. ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஓடவிட்டதும் கறுப்புக் கோடு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மூட்டில் இரண்டு என்று ஒரே சமயத்தில் புறப்பட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் குந்தியபடியே இருந்தார்.

“ஒரு இடத்துல கிளம்புனா அது ஓட்டை. எல்லா இடத்துலயும் ஒண்ணாக் கிளம்புனா, உள்ள இருந்து என்னமோ தள்ளுது.” பிறகு அந்தக் குட்டைக் குழாயைக் காட்டினார். “தம்பி, இது என்னத்துக்குன்னு புஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க.”

நாற்பத்தோராம் பக்கத்தில் அது இருந்தது. எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் அது, அதன் வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும், அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி எல்லா மூட்டுகளிலும் எண்ணெயை வெளியே தள்ளிவிடும் என்று மூன்று வரி. அதை வாசித்தபோதுதான் எனக்கு அந்தத் துணி நினைவுக்கு வந்தது.

கொட்டில் வாசலில் மாமா யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார். அவருடைய முதுகு தெரிந்தது. வாசப்படி மிதிக்கக் கூடாது என்ற சொல் என் காதில் இருந்தது. தையில் எனக்கும் சுந்தரிக்கும் கல்யாணம், அதற்கு இன்னும் மூன்று மாதம்.

“இதப்பத்தி ஒண்ணும் போடல அண்ணாச்சி,” என்றேன்.

“ஒண்ணுமே போடலியா?” முதல் தடவையாகத் திரும்பக் கேட்டார். “வாயில சந்தனம் இருக்கு. பூசை வச்சது, நான் கை வைக்கக் கூடாது. மேலோட வச்சதுதான? உள்ள ஒண்ணும் எறங்கிருக்காதே?”

“மேலோட வச்சதுதான்.”

“அப்பச் சரி,” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் செய்தது அவ்வளவுதான். இரண்டு பதில். யாருக்கும் தெரியாமல் துணியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடுத்த இரண்டு நாளும் கொட்டிலைச் சுற்றி வந்தேன். அண்ணாச்சி விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எஞ்சினை விட்டு நகரவில்லை. தொழுகைக்குப் போனால் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுபடி இரண்டு தடவை பாக்கிங் மாற்றினார். எண்ணெயைக் குறைத்துப் பார்த்தார். கம்பைக் கடித்து எஞ்சினின் ஒவ்வோர் அங்குலத்தையும் கேட்டார். மூன்றாம் நாள் அவர் உதட்டோரம் கம்பு உரசிப் புண்ணாகியிருந்தது. “கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்று எனக்குச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

நான்காம் நாள் மாமா ஏறி உட்கார்ந்தார். நானும் பின்னால் இருந்தேன். தாமிரபரணிப் பாலத்தில் பாதி போவதற்குள் எண்ணெய் சொட்டத் தொடங்கிவிட்டது. மாமா இறங்கினார்.

“எத்தன தடவ மாத்தினீரு?”

“மூணு தடவ அய்யா.”

“இன்னும் ஒழுகுது. என்ன கோளாறுன்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா?”

அண்ணாச்சி ஆற்றைப் பார்த்தார். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தெரியல அய்யா,” என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் வந்து அதுவரை நான் கேட்டதில்லை.

மாமா கையை நீட்டினார். அண்ணாச்சி கொட்டில் சாவியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். இருக்கைக்கு அடியிலிருந்து கம்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த வழியே பாலத்தில் நடந்து, கொக்கிரகுளம் பக்கம் திரும்பிப் போனார். என்னைப் பார்த்து, “வாரேன் தம்பி,” என்றார்.

அன்று சாயங்காலம், மாடு கட்டி இழுத்துக்கொண்டுவந்த வண்டி கொட்டிலில் நின்றது. சாவி கூடத்து ஆணியில் தொங்கியது. நான் போய்ச் சந்தனத்தைப் பெயர்த்தேன். துணி கறுத்து, எண்ணெயில் ஊறி, ஒரு சாண் நீளத்துக்கு வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து தேவசிகாமணி என்ற டிரைவர் வந்தார். கிளச்சைக் கழுவிவிட்டு நாங்குநேரி வரை ஓட்டிவிட்டு வந்தார். ஒரு சொட்டு இல்லை.

“பாத்தியா ஐயம்பெருமாளு?” என்றார் மாமா. “அந்த ஆளு போனதும் நின்னுட்டுது.”

“தானே ஒழுக விட்டு, தானே அடைச்சு, நல்ல பேரு வாங்கலாம்னு பாத்திருப்பாரு அய்யா,” என்றார் தேவசிகாமணி. “விட்டவருக்கு அடைக்கத் தெரியல.”

இந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். முன்பெல்லாம் மேலப்பாளையத்துக்கு வாரம் ஒரு ஆளாவது அவரைத் தேடிப் போகும். அது அடியோடு நின்றது. நான் துணியை எடுக்காமல் விட்டிருந்தால்கூட, தேவசிகாமணியும் தோற்று, அவர்மேல் விழுந்த பழி கொஞ்சம் குறைந்திருக்கும். எடுத்ததனால்தான் அது உறுதியாயிற்று.

கார்த்திகையில் ஒரு நாள் மேலப்பாளையம் போனேன். தெரு முழுவதும் தறிச் சத்தம். அண்ணாச்சி அடுத்த வாரம் கொழும்புக்குக் கப்பலேறப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

“துணி எவ்வளவு நீளம்?” என்று கேட்டார்.

“ஒரு சாண்.”

“இறுக்கமாவா?”

“குச்சியால குத்தி இறக்கினேன்.”

அவர் கண்ணை மூடினார். மனசுக்குள் அந்த எஞ்சினை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. “அதான் எல்லா மூட்டுலயும் தள்ளிருக்கு,” என்றார். முகம் ஒரு நொடி தெளிந்தது. பிறகு, “நான் கேட்டேன்லா தம்பி,” என்றார்.

நான் படியிலிருந்து ஓரடி பின்வாங்கினேன்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? எம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டிய இடம் அங்கன. போயி உங்க மாமாட்டச் சொல்லுங்க.”

“தை கழியட்டும், சொல்லிருதேன்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்விட்டார். தை வந்தது, கல்யாணம் நடந்தது. அதற்குப் பின் சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை என்று எழுதினால் அது மூன்றாவது பொய். ஒவ்வொரு நாளும் வாய்த்தது. சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் பேச்சு வரும். மாமா, “அந்தச் சாயபு மாதிரி ஆளுகள நம்பக் கூடாது,” என்பார். நான் மோருக்குக் கை நீட்டுவேன்.

இப்படியே ஐந்து வருஷம். சென்ற ஐப்பசியில் ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவியபோது கொழும்பிலும் பரவியது. மைதீன் அண்ணாச்சி அங்கே பழைய கிட்டங்கியில், பழைய பாய்லர் பக்கத்திலேயே வேலை பார்த்து வந்திருக்கிறார். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவர் மனைவி ஆசியா உம்மாளின் தம்பி ஹாஜாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது அவர்தான் சொன்னார். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து சுந்தரியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் முழுவதும் கேட்டாள்.

“நான் சிரிச்சதுக்கா அத அடைச்சீக?” என்றாள். பிறகு, “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அப்பா உள்ளதான் இருக்காக,” என்றாள்.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் பாதி இலையில் எழுந்து கையைக் கழுவினார். கொட்டிலுக்குப் போய், மூடியைத் திறந்து, அந்தக் குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். வாசப்படி மிதிக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கச்சேரிக்கு நடந்து போகிறார். தேவசிகாமணி தினமும் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் மேலப்பாளையம் போனேன். ஆசியா உம்மாள் கணவருக்காக இத்தா இருக்கிற துக்க காலம். வெளி ஆண்பிள்ளைகளைப் பார்க்க மாட்டார். நான் சொன்னதை ஹாஜா உள்ளே போய் அக்காவிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து வெளியே வந்தார்.

“லாத்தா சொல்லுதா, அவுக கொழும்புக்குப் போறதுக்கு முந்தியே அவளுக்கு இது தெரியுமாம். அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனதும் அவுக சொல்லிட்டாகளாம்.”

“அஞ்சு வருஷமா உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். வெளிய சொல்ல வேண்டாம், அந்தத் தம்பி தையில சொல்லிரும்னு சொன்னாகளாம்.” ஹாஜா கதவுப்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி திரும்பினார். “இப்ப எங்ககிட்டச் சொல்ல வேண்டாமாம். மோட்டார் வச்சிருக்கவுகளுக்குச் சொல்லுங்கன்னு சொல்லுதா.”

அதனால் எழுதுகிறேன். திருநெல்வேலியில், பாளையங்கோட்டையில், தூத்துக்குடியில் மோட்டார் வைத்திருப்பவர்கள், 1913 புரட்டாசிக்குப் பிறகு அவருக்கு ஆள் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டவர்கள் இதை வாசிக்க வேண்டும். சிவசண்முகம் பிள்ளை வண்டியில் எண்ணெய் ஒழுகியது முகம்மது மைதீன் கைவேலையால் அல்ல. குழாயை அடைத்தது நான். அவர் சரியான இடத்தைக் காட்டி, சரியான ஆளிடம் கேட்டார். அந்த ஆள் இல்லை என்று சொன்னான். அவர் அதை நம்பினார்.